செவி சிவந்த எருவை: பாறுகளின் பெயரும் வாசிப்பும் அழிவும் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் பாறுகள், சங்கப் பாடல்களில் எருவை, பருந்து, கழுகு முதலிய பெயர்களோடு கலந்து வழங்குகின்றன. அப்பாடல்களில் சில, பறவையின் வாழிடத்தையும் இனப்பெருக்கத்தையும் உணவையும் நுட்பமாகப் பதிவு செய்துள்ளன. பின்வந்த உரைமரபும் அகராதி மரபும் அந்நுட்பத்தைப் பேணவில்லை. இக்காலச் சூழலியல் எழுத்தோ, ஒருபுறம் பழந்தமிழரை இயற்கைக் காவலராகப் புகழ்கிறது. மறுபுறம் பாறினை அதன் பயன் கருதி மட்டுமே காக்கச் சொல்கிறது. அகநானூற்றின் 3ஆம் பாடல், சிபி பற்றிய புறநானூற்றுக் குறிப்புகள், திருக்கழுக்குன்ற மரபு ஆகியவற்றை முன்வைத்து இவ்விரு போக்குகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: எருவை, பாறு, பாலைத்திணை, உரைமரபு, சூழலியல் திறனாய்வு, டைக்ளோஃபீனாக், மாயாற்றுப் பள்ளத்தாக்கு

முன்னுரை

தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது புள்ளையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. பாலைக்குரிய புள்ளாகப் பருந்தையும் எருவையையும் உரையாசிரியர்கள் குறித்தனர். நமது வகுப்பறைகளில் இச்செய்தி ஒரு பட்டியலாகவே கற்பிக்கப்படுகிறது. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், பாலைக்குப் பருந்தும் எருவையும் என்று மாணவர் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அப்பறவை எது, அது இன்று உள்ளதா என்ற வினா எழுவதில்லை.

இவ்வினாவை எழுப்பியோர் இல்லாமல் இல்லை. பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’, பாடல்களையும் பறவையியலையும் அருகருகே வைத்துப் படித்த முன்னோடி நூலாகும். மா. கிருஷ்ணன், சு. தியடோர் பாஸ்கரன் ஆகியோரின் எழுத்துகள் காட்டுயிரைப் பற்றித் தமிழில் துல்லியமாகப் பேச இயலும் என்று காட்டின. எனினும் அண்மைக்காலச் சூழலியல் திறனாய்வுக் கட்டுரைகள் பலவும் இப்பாதையைத் தொடராமல், பாடல்களில் பறவைப் பெயர் வரும் இடங்களைத் தொகுத்து, ‘பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்’ என்ற ஒரே முடிவில் வந்து நிற்கின்றன. இரைதேர் பறவைகளைப் பொறுத்தவரை அம்முடிவு பாடல்களின் சான்றுக்கு மேற்பட்டது, பறவைகளுக்கும் பயன்படாதது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

அகநானூறு 3: ஒரு கூட்டின் சித்திரம்

எயினந்தை மகனார் இளங்கீரனார் பாடிய அகநானூற்று 3ஆம் பாடல் பாலைத்திணையைச் சேர்ந்தது. முன்பொருமுறை பொருள்வயிற் பிரிந்து துன்புற்ற தலைவன், மீண்டும் பொருளுக்குத் தூண்டும் தன் நெஞ்சை நோக்கிப் பேசுகிறான். அவன் கடந்த வழியின் வருணனையாகவே எருவை வருகிறது.

அவ்வருணனையின் உள்ளடக்கம் கவனிக்கத்தக்கது. முதலையின் தோலை ஒத்த பட்டையுடைய ஓமை மரம். அதன் பெருங்கிளையில் ஈன்று காவலிருக்கும் வளைந்த வாயுடைய பேடை. அப்பேடைக்கு இரை கொணரப் புறப்பட்ட, செவி சிவந்த சேவல். மலைச்சாரலில் மரையாவை வீழ்த்திக் குருதி பருகிப் புலி விட்டுச்சென்ற உடல். முடைநாற்றம் வீசும் அத்தசையைக் கொள்ளையர்போல் கவர்ந்து செல்லும் பறவை. மரம், கூடு, இணை, இரை, அவ்விரையை விட்டுச்செல்லும் வேட்டை விலங்கு என ஓர் உயிரினம் வாழ்வதற்கு இன்றியமையாதவை அனைத்தும் சில அடிகளுக்குள் தொடர்புபட்டு நிற்கின்றன.

பறவையியல் நோக்கில் இப்பறவை செந்தலைப் பாறுடன் பெரிதும் பொருந்துகிறது. செந்தலைப் பாறின் தலையும் கழுத்தும் மயிரற்றுச் சிவந்தவை. காதுக்குப் பின்னிருந்து இருபுறமும் சிவந்த தோல்மடிப்புகள் தொங்கும். தொலைவிலிருந்து காண்பவருக்கு அவை சிவந்த செவிகளாகவே தோன்றும். அது பெருங்கூட்டமாக வாழ்வதில்லை. இணையாக வாழ்ந்து, மரத்தின்மேல் தனிக்கூடு கட்டி, ஒரேயொரு முட்டையிடும். பாடலில் வரும் கூடும் மரத்தின்மேல் உள்ளது. அங்கு ஓர் இணைக்கு மேல் குறிக்கப்படவில்லை.

பாடல் பறவையியல் குறிப்பேடு அன்று என்பதையும் மறத்தலாகாது. பாறுகளில் அடைகாத்தலையும் குஞ்சுக்கு உணவூட்டலையும் ஆண், பெண் இரண்டும் பகிர்ந்து செய்கின்றன. பாடலோ பேடையைக் கூட்டில் இருத்திச் சேவலை மட்டுமே வெளியே அனுப்புகிறது. இல்லிருக்கும் தலைவி, பொருள் தேடிச் செல்லும் தலைவன் என்னும் அகமரபின் அமைப்பு பறவையின்மீது ஏற்றப்பட்டுள்ளது. அவ்வாறு ஏற்றியதன் விளைவு ஆழமானது. சேவல் தன் இணைக்காகவே செல்கிறது. தலைவனும் இல்லறத்தின் பொருட்டே செல்வதாக நெஞ்சு அவனுக்குச் சொல்கிறது. சேவல் அன்றைய இரையைக் கொண்டு கூட்டுக்குத் திரும்பும். தலைவனின் தேடலுக்கோ அத்தகைய எல்லை இல்லை. ஒருமுறை சென்று மீண்டவனை நெஞ்சு மறுமுறையும் துரத்துகிறது. இவ்வேறுபாட்டில்தான் வருணனை பாடலின் உணர்ச்சியோடு இணைகிறது.

பாலைக் கருப்பொருள்களை வெறும் அச்சக் குறியீடுகளாகப் படிக்கும் வழக்கமான வாசிப்பு இதனைத் தவறவிடுகிறது. அச்சமும் உள்ளதுதான்; பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 283ஆம் பாடலில், ஆறலை கள்வரால் கொல்லப்பட்டவரின் உடலைத் தின்னப் பருந்து காத்திருக்கிறது. ஆயினும் அகநானூற்று 3ஆம் பாடலின் எருவை பசித்த உயிர். துணையை உடைய உயிர். அதே நேரத்தில் புலவர் அதனைப் புனிதப்படுத்தவுமில்லை. கொள்ளையரோடு ஒப்பிடவும் தயங்கவில்லை. இதனைப் ‘பறவைப் பாதுகாப்புப் பாடல்’ என்று பெயரிடுவது பாடல் சொல்லாத ஒன்றைச் சொல்ல வைப்பதாகும். கண்ட ஒன்றை விலகாமல் பார்த்த பார்வையே அதன் பெருமை.

உரையும் அகராதியும்

இப்பார்வை பின்னர் எவ்வாறு மங்கிற்று? எருவை என்பதற்குத் தலை வெளுத்து உடல் சிவந்த பருந்து என்று பொருள் கூறும் உரைமரபு உண்டு. தமிழ்ப் பேரகராதியும் அப்பொருளைப் பதிவு செய்துள்ளது. அவ்வுருவம் இன்று செம்பருந்து என்றும் கருடன் என்றும் வழங்கும் பறவைக்கு உரியது. அதன் தலையும் மார்பும் வெண்மை, உடல் செம்பழுப்பு. கடற்கரையிலும் நீர்நிலைகளை ஒட்டியும் மிகுதியாகக் காணப்படுவது; மீனை விரும்பி உண்பது. வறண்ட வழியில் புலி விட்ட மரையாவின் உடலைத் தேடிச் செல்லும், செவி சிவந்த பறவைக்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை.

உரையாசிரியரைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. எருவை என்னும் சொல்லுக்குச் செம்பு, குருதி ஆகிய பொருள்களும் உண்டு. செந்நிறம் சார்ந்த பெயராகவே அது பட்டிருக்கலாம். ஒரே சொல் வெவ்வேறு நிலப்பகுதிகளில் வெவ்வேறு செந்நிறப் பறவைகளைச் சுட்டியிருக்கவும் கூடும். சிக்கல் எங்குள்ளதெனில், நிகண்டுகளும் அகராதிகளும் எருவை, பாறு, கழுகு, பருந்து முதலியவற்றை ஒன்றற்கொன்று பொருளாக அடுக்கியபோது, பாடலின் அடைமொழிகளைச் சான்றாகக் கொள்ளவில்லை. ‘எருவை – கழுகு’ என்ற குறிப்போடு பதிப்புரை முடிந்துவிட்டால், மாணவர் வேட்டையாடும் கழுகையும் வேட்டையாடாத பாறையும் ஒன்றாகவே எண்ணுவர்.

இக்குழப்பம் இன்றைய வழக்கிலும் தொடர்கிறது. மொழிபெயர்ப்புகளில் பாறு வரவேண்டிய இடத்தில் ‘வல்லூறு’ வருகிறது. வல்லூறு உயிருள்ள இரையைப் பாய்ந்து பிடிக்கும் சிறு பறவை, பிணம் தின்பதன்று. மேடைப் பேச்சிலும் கேலிச்சித்திரத்திலும் சுரண்டுவோரைக் குறிக்கப் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்ற தொடர் வழங்குகிறது. எந்த உயிரையும் கொல்லாத பறவையின் பெயர், பிறர் உயிரைக் குடிப்பவருக்கு வசைச்சொல் ஆகிவிட்டது.

புறக்களமும் சிபியின் துலாக்கோலும்

புறப்பாடல்களில் இரைதேர் பறவைகள் போர்க்களத்தின்மேல் வட்டமிடுகின்றன. களத்தில் பருந்துக்கும் எருவைக்கும் விருந்து கிடைத்ததாகக் கூறுவது வென்ற வேந்தனின் புகழாக அமைந்தது. அம்மரபுக்குள் விலகி நிற்பது வெறிபாடிய காமக்கண்ணியாரின் புறநானூற்று 271ஆம் பாடல். மகளிர் அணியும் நொச்சித் தழை, களத்தில் குருதி படிந்து உருமாறிக் கிடக்க, அதனை ஊன் எனக் கருதிப் பருந்து தூக்கிச் செல்கிறது. பறவையின் பிழை, போர் தழையை என்ன செய்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. வென்றவனின் புகழுக்கு அங்கு இடமில்லை.

அறநோக்கில் இதனினும் முதன்மையானது சிபியின் கதை. புறநானூற்றின் 39, 46ஆம் பாடல்கள் புறாவின் துன்பம் தீர்த்த சோழர் முன்னோனை நினைவுகூர்கின்றன. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரைச் சொல்லுமிடத்தும் புள்ளின் துயரம் தீர்ந்த செய்தி வருகிறது. 43ஆம் பாடலில்தான், மாவளத்தானோடு வட்டாடிப் பூசலுற்ற தாமப்பல்கண்ணனார், புறாவைத் துரத்திய கூரிய நகமுடைய பருந்தையும் வெளிப்படையாகக் குறிக்கிறார்.

கதையின் அமைப்பை நோக்கினால், மன்னனுக்கு எளிய வழி ஒன்று இருந்தது, பருந்தை விரட்டியிருக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை. புறாவின் உயிர் காக்கப்பட வேண்டுமெனில் பருந்தின் உணவும் ஈடுசெய்யப்பட வேண்டும் என்று ஏற்றுத் துலாக்கோல் ஏறுகிறான். தஞ்சம் புகுந்த உயிரின் உரிமையோடு இரைதேடும் உயிரின் உரிமையும் அத்துலாக்கோலில் ஏறியிருக்கிறது. ஆயினும் புலவர்கள் எடுத்துக்கொண்டது புறாவின் பக்கத்தை மட்டுமே. ஏனெனில் அவர்களுக்கு வேண்டியது குடிப்பெருமை. இன்றைய திறனாய்வும் அதே வழியில் சிபியை ஈகைக்கும் அருளுக்கும் சான்றாக்கி அமைகிறது. இரைதேர் பறவைக்கும் அறத்தில் இடமுண்டு என்னும் கருத்துக்குத் தமிழ் மரபில் ஒரு வித்து உண்டெனில், அது இங்கேதான் உள்ளது. அதுவும் புலவர்கள் பேசாது விட்ட பகுதியில் உள்ளது.

கழுகுக்குன்றம்: பெயர் நிற்கப் பறவை நீங்கிய இடம்

பக்தி மரபு பறவையை வேறுவிதமாக ஏற்றது. புள்ளிருக்குவேளூர், திருப்புட்குழி ஆகிய தலங்கள் சடாயுவின் தொன்மத்தோடு இணைக்கப்பட்டன. கம்பனின் இராமன் சடாயுவைத் தந்தையாகக் கருதி இறுதிக்கடன் செய்கிறான். மூவரும் பதிகம் பாடிய திருக்கழுக்குன்றத்தில், இரண்டு பறவைகள் நண்பகலில் மலைக்கு வந்து பண்டாரம் அளிக்கும் உணவை உண்டு செல்லும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அவை மஞ்சள்முகப் பாறுகள். அடியார்க்கோ அவை சாபம் பெற்ற முனிவர்கள்.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பறவைகளின் வருகை நின்றது. காலக்கேடு, மக்களின் பாவம் என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது. அதே காலத்தில் மஞ்சள்முகப் பாறு இந்தியாவெங்கும் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. 2007ஆம் ஆண்டு அது உலக அளவில் அழிவுக்குள்ளாகும் இனமாக அறிவிக்கப்பட்டது. இங்குத் தொன்மத்தின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலப்படுகின்றன. இரு பறவைகளைத் தொன்மம் பல தலைமுறைகளாகப் போற்றியது. ஆனால் முனிவராகவே கண்டதால் அவற்றுக்கும் கூடு, குஞ்சு, இனம் உண்டு என்று எண்ணவில்லை. இளங்கீரனார் கண்ட பேடையும் ஓமைக் கிளையும் திருக்கழுக்குன்ற வழிபாட்டில் இல்லை.

அழிவின் இயக்கம்

பாறுகளின் வீழ்ச்சி தமிழ்க் கட்டுரைகளில் பெரும்பாலும் ‘நகரமயமாக்கம்’, ‘காடழிப்பு’ என்னும் பொதுச்சொற்களால் விளக்கப்படுகிறது. உண்மைக் காரணம் மிகக் குறிப்பானது. 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு குறைந்தது. கருங்கழுத்துப் பாறு உள்ளிட்ட நெருங்கிய இனங்கள் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் நடத்திய ஆய்வு, 2004ஆம் ஆண்டு காரணத்தை வெளியிட்டது: கால்நடைகளுக்கு வலிநீக்கியாகச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபீனாக். மருந்து செலுத்தப்பட்டுச் சில நாள்களுக்குள் இறந்த மாட்டின் தசையை உண்ட பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்படலமாய்ப் படிகிறது, பறவை இறக்கிறது. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குப் போதுமானது என்று கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு ஒரே முட்டையிட்டு, இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை அடையச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் பறவையால் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலவில்லை.

இந்திய அரசு 2006ஆம் ஆண்டு கால்நடைப் பயன்பாட்டுக்கான டைக்ளோஃபீனாக்கைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குச் செலுத்தப்பட்டமையால், 2015இல் அவை 3 மில்லி அளவுக்குள் கட்டுப்படுத்தப்பட்டன. அசிக்ளோஃபீனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபீனாக்காகவே மாறுவது தெரியவந்தும், அதுவும் கீட்டோபுரோஃபெனும் 2023இல்தான் விலக்கப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கற்ற மாற்று மருந்தான மெலாக்சிகாம் 2006ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டிருந்தது என்பதை நோக்க, இத்தாழ்ச்சி எளிதில் பொறுக்கத்தக்கதன்று.

தென்னிந்தியாவில் எஞ்சிய பாறுகள் பெரும்பாலும் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் அதனையொட்டிய கேரள, கருநாடகக் காடுகளையும் சார்ந்து வாழ்கின்றன. ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன; கருங்கழுத்துப் பாறுகள் செங்குத்துப் பாறைகளில் கட்டுகின்றன. 2023 பிப்ரவரியில் மூன்று மாநிலங்களும் ஒருங்கே நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகளும் அவ்வாண்டு டிசம்பரில் 320 பாறுகளும் பதிவாயின. அவை அங்கே எஞ்சியதற்கு முதன்மைக் காரணம், மாட்டுப் பிணத்தை மட்டும் சாராமல் புலியும் செந்நாயும் விட்டுச்செல்லும் காட்டு விலங்குகளின் உடல் கிடைப்பதே. இளங்கீரனார் பாடிய உணவுத்தொடர் முற்றிலும் அறுபடாத இடத்தில் பறவையும் அறுபடவில்லை. பழம்பாடல் இன்று நமக்கு அளிக்கும் உண்மையான சான்று இதுவே. தமிழர் பெருமை பற்றிய சான்று அன்று.

அத்தொடருக்கும் இடர்கள் உள்ளன. கால்நடையை இழந்த ஆத்திரத்தில் புலிக்கு நஞ்சிடப்பட்ட இறைச்சி பாறுகளையும் கொல்கிறது. இறந்த காட்டு விலங்கின் உடலைப் புதைத்துவிட்டால் பறவை உணவை இழக்கிறது. எனவே கால்நடை இழப்பீடு விரைந்து கிடைப்பதும் இறந்த விலங்கைத் திறந்த வெளியில் விடுவதும் பாறுப் பாதுகாப்பின் பகுதிகளே.

பாதுகாப்பின் மொழி

இனி, பறவையைக் காக்க எழுதப்படும் தமிழையும் மதிப்பிட வேண்டும். அதன் சிறந்த பங்களிப்பு, ‘பாறு’ என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுத்து இனங்களுக்குத் தனித்தனிப் பெயர் வழங்கியதாகும். கோவையை மையமாகக் கொண்ட அருளகம் அமைப்பின் பரப்புரை இதில் குறிப்பிடத்தக்கது. வசைச்சொல்லாகிவிட்ட பெயரைக் கொண்டு ஓர் உயிரின்மீது பரிவு கோருவது அரிது என்பதைக் களப்பணியாளர் புலவர்களுக்கு முன்பே உணர்ந்துள்ளனர்.

ஆயினும் அம்மொழியின் மையத்தில் ‘இயற்கையின் துப்புரவாளர்’ என்ற உருவகம் உள்ளது. காக்கையையும் கழுகையும் ‘ஆகாயத் தோட்டி’ எனக் குறித்த பழைய வழக்கின் நாகரிக வடிவமே இது. இவ்வுருவகத்துக்கு உண்மையில் ஓர் அடிப்படை உண்டு. பாறுகள் குறைந்தபின் பிணங்கள் அழுகி நீர்நிலைகள் மாசுற்றன, தெருநாய்கள் பெருகின. பாறுகளின் வீழ்ச்சியால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனித இறப்புகள் கூடுதலாக நேர்ந்தன என்று 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

எனினும் இவ்வுருவகம் இரண்டு வகையில் இடர்ப்படுகிறது. முதலாவது, துப்புரவு செய்வோரை இழிவாக நடத்தும் சாதியச் சமூகத்தில், ஓர் உயிரைத் துப்புரவாளர் என்று அழைப்பதால் மட்டும் மதிப்புப் பிறந்துவிடாது. அச்சொல்லின்மீது சுமத்தப்பட்ட இழிவும் உடன் சேர்கிறது. இரண்டாவது, பயனே காரணமெனில், பிணங்களை அகற்ற வேறு ஏற்பாடு வந்த நாளில் பறவைக்கு வாழும் காரணம் இல்லாது போகும். புறாவைக் காக்கத் துலாக்கோல் ஏறியவன் பருந்தின் பயனைக் கேட்கவில்லை. அதன் பசியை ஏற்றான்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மருந்துக் கடையிலும் கால்நடை மருத்துவமனையிலும் முடிவாகும் ஒன்றுக்குப் பாடலின் சொல்லாய்வு எதற்கு? அகநானூற்றைப் படித்தவர் அனைவரும் மெலாக்சிகாம் கேட்டு வாங்குவர் என்று எவரும் கூற இயலாது. ஆயினும் தடையாணைகள் நடைமுறையில் நிலைபெற, ஊரார்க்கு அப்பறவை இன்னது என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழாசிரியர் ஒருவர் எருவையைக் ‘கழுகில் ஒருவகை’ என்று சொல்லிக் கடந்தால், அவ்வறிவு தோன்றும் வாய்ப்பொன்று வகுப்பறையிலேயே இழக்கப்படுகிறது.

முடிவுரை

சங்கப் பாடல்கள் இரைதேர் பறவைகளைக் காக்கும்படி கூறவில்லை; அவற்றைக் கூர்ந்து கண்டன. அகநானூற்று 3ஆம் பாடலின் எருவைக்குச் செந்தலைப் பாறே பொருத்தமானது. தலை வெளுத்த பருந்து என்னும் விளக்கம் அவ்விடத்துக்குப் பொருந்தாது. சிபியின் கதையில் புறாவோடு பருந்தின் உரிமையும் அடங்கியிருப்பதைத் திறனாய்வு வெளிக்கொணர வேண்டும். துப்புரவாளர் உருவகத்தை மீளாய்வு செய்தல் பாதுகாப்பு எழுத்துக்கு நலம் பயக்கும்.

செய்யத்தக்கனவும் தெளிவானவை. சங்க இலக்கியப் பதிப்புகளிலும் பாடநூல்களிலும் பறவைப் பெயர்களுக்கான குறிப்புகளைக் களச்சான்றோடு திருத்த வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயத்தையே பதிவு செய்ய வேண்டும். அப்பணியில் தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் கால்நடை மருத்துவத் துறையும் கூடி இயங்குதல் வேண்டும். மாயாற்றின் நீர்மருதுகளில் இன்னும் கூடுகள் உள்ளன. அப்பணிக்குரிய காலம் அவை உள்ள காலமே.